ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று போட்டிருந்தால்: தொழிலாளியின் உடலில் உலோகத்தை அளப்பது எப்படி?

தருமபுரி மாவட்டத்துக்காரர்களுக்கு உடம்பை வைத்து ஊரின் தண்ணீரைப் படிப்பது புதிய விஷயம் இல்லை. பல்லில் பழுப்புக் கோடுகளைப் பார்த்ததும் "பென்னாகரம் பக்கமா?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நிலைப்பற்களின் எனாமல் உருவாகிற வயதில், ஏறக்குறைய எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்தால்தான் அந்தக் கறை விழும். அதற்கப்புறம் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்து இருபது வருடம் நல்ல தண்ணீர் குடித்தாலும் கறை போகாது. முப்பது வயதில் வெளியூரிலிருந்து வந்து இங்கே ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடிப்பவருக்குப் பல்லில் கறை வராது. இருவரின் சிறுநீரையும் சோதித்தால் கதை மாறும். முதலாமவருக்குக் குறைவாகவும் இரண்டாமவருக்கு அதிகமாகவும் ஃபுளோரைடு காட்டும். பல் பழைய காலத்தைச் சொல்கிறது, சிறுநீர் இந்த வாரத்தைச் சொல்கிறது.

ஆலைத் தொழிலாளியின் உடலில் ஈயம், குரோமியம், காட்மியம் போன்ற உலோகங்கள் எவ்வளவு ஏறியிருக்கின்றன என்று பார்ப்பதிலும் இதே கேள்விதான் முதலில் வர வேண்டும்: எதை எடுத்துச் சோதித்தால் எந்தக் காலம் தெரியும்? ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்து ஏறக்குறைய ஐம்பது வருடம் ஆகிறது. வாகன உதிரிபாகம், வார்ப்படம், முலாம், பேட்டரி, மின்னணு, பற்றவைப்பு என்று உலோகத்தைத் தொடாத வேலை அங்கே குறைவு. ஆண்டுக்கொரு மருத்துவ முகாமும் பல இடங்களில் நடக்கிறது. உயரம், எடை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கண், காது, மார்பு எக்ஸ்ரே. கடைசியில் 'ஃபிட்' என்று ஒரு முத்திரை. இந்தப் பட்டியலில் எதுவுமே உலோகத்தைத் தேடாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறவரின் ரத்தத்தில் ஈயம் அளவுக்கு மீறி இருக்கலாம். தேடாததால் கிடைக்காமல் போனதற்கும் 'நார்மல்' என்றுதான் பெயர்.

காற்றை அளந்தால் போதாதா என்று ஆலை நிர்வாகிகள் கேட்பதுண்டு. தொழிலாளியின் இடுப்பில் சின்ன பம்ப்பையும் சட்டைக் காலருக்குப் பக்கத்தில் ஒரு வடிதாளையும் மாட்டி, ஷிஃப்ட் முழுக்க ஓடவிட்டு, தாளில் படிந்ததை அளப்பார்கள். அவசியமான வேலை; புகை எந்த எந்திரத்திலிருந்து வருகிறது என்று காட்டுவது இதுதான். ஆனால் காற்றில் இருப்பது எல்லோருக்குள்ளும் ஒரே அளவில் போவதில்லை. மூட்டை தூக்குபவர் உட்கார்ந்து வேலை செய்பவரைவிட அதிகம் மூச்சு வாங்குவார். ஒருவர் முகக்கவசத்தை ஒழுங்காகப் போடுவார், இன்னொருவர் தாடைக்குக் கீழே தொங்கவிடுவார். கை கழுவாமல் பீடி பற்ற வைப்பது, வேலை செய்கிற மேசையிலேயே டீ கிளாஸை வைப்பது, ஆள் வராததால் அடுத்த ஷிஃப்ட்டையும் சேர்த்துப் பார்ப்பது என எல்லாம் சேர்ந்து எவ்வளவு உள்ளே போனது என்பதை உடல்தான் கூட்டிக் காட்டும்.

வரம்பைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். ஆலைக் காற்றில் ஈயத்துக்கு நம் தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை வைத்த எல்லை, ஒரு கன மீட்டருக்கு 0.15 மில்லிகிராம். அமெரிக்கா 1978இலேயே 0.05க்கு இறங்கிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் 0.03 ஆக்கியது. ஆக, 'சட்ட வரம்புக்குள்தான் இருக்கிறது' என்று இங்கே சொல்லப்படும் காற்று, அங்கே வரம்பைப் போல் மூன்று, ஐந்து மடங்காக இருக்கலாம்.

ஈயம்: ரத்தம் ஒன்று சொல்லும், எலும்பு ஒன்று சொல்லும்

ரத்தம், சிறுநீர் போன்ற உடல் மாதிரிகளில் அதிகம் ஆராயப்பட்டது ஈயம்தான். அதை அளக்கச் சிறந்தது கை நரம்பிலிருந்து (சிரையிலிருந்து) எடுக்கும் முழு ரத்தம். உள்ளே போன ஈயத்தில் ரத்தத்துக்கு வருவதில் ஏறக்குறைய எல்லாமே சிவப்பணுக்களில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ரத்தத்தை உறையவிட்டு மேலே தெளியும் சீரத்தைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. சீரத்தில் ஈயம் பார்த்துக் கொடுத்த ரிப்போர்ட் கையில் இருந்தால், காசு வீண் என்று வைத்துக்கொள்ளலாம்.

ரத்தத்தில் இருக்கும் ஈயம் பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு மாதத்துக்குமேல் ஆகும். ஆகவே இன்றைய ரத்தம் கடந்த இரண்டு மூன்று மாத வேலையைச் சொல்கிறது. ஆனால் உடலில் சேர்ந்த ஈயத்தின் பெரும்பங்கு, பெரியவர்களுக்கு 90 விழுக்காட்டுக்கும் மேல், எலும்பில் போய் உட்கார்ந்துகொள்கிறது. உடல் அதைக் கால்சியம் என்று நினைத்து வாங்கி வைத்துக்கொள்ளும். அங்கே அது பல பத்தாண்டுகள் கிடக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேட்டரி உடைக்கும் பட்டறையில் பத்து வருடம் வேலை பார்த்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டருக்கு, 42 மைக்ரோகிராம். வேலையை விட்டு ஒன்றரை மாதம் வீட்டில் இருக்கிறார். ரத்தத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் 20க்குப் பக்கத்தில் வந்திருக்க வேண்டும். சோதனையில் 30க்கு மேலேயே நிற்கும். எலும்பு தன் இருப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. புதிதாகச் சேர்ந்து மூன்று மாதத்தில் அதே 42ஐத் தொட்ட இளைஞருக்கோ, வெளியே வந்ததும் எண் மளமளவென்று இறங்கும். ஒரே எண், இரண்டு உடல், இரண்டு வரலாறு. எத்தனை வருடம் வேலை என்று கேட்காமல் ஈய ரிப்போர்ட்டைப் படிக்க முடியாது.

எலும்பு திருப்பிக் கொடுப்பது பெண்களுக்குக் கர்ப்ப காலத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் கூடுகிறது. எலும்பிலிருந்து கால்சியம் கரையும்போது ஈயமும் கூடவே வரும். நஞ்சுக்கொடி அதைத் தடுப்பதில்லை. மின்னணு ஆலைகளில் வேலை செய்கிறவர்களில் பலர் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை பக்கத்து இளம்பெண்கள். அங்கே பாகங்களை ஒட்டவைக்க உருக்கும் உலோகக் கலவையில், அதாவது சால்டரில், ஈயம் கலந்த சால்டர் பயன்படுகிறதா, ஈயமில்லாத சால்டரா என்ற கேள்வி அவர்களின் பத்து வருடத்துக்கு அப்புறமான பிரசவத்தையும் தொடுகிறது. கைச்சால்டர் சூட்டில் ஈய ஆவி பெரிதாக எழாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஆபத்து கையிலும் மேசையிலும் படிகிற துகள். பேட்டரித் தட்டை உருக்கும் பட்டறையில் கதை வேறு. ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும், அந்தச் சூட்டில் ஆவி குறைவு. ஆனால் சீக்கிரம் உருகட்டும் என்று அடுப்பை முறுக்கி 500 டிகிரிக்கு மேலே கொண்டுபோகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத ஆவி எழுவது அப்போதுதான். மேலே மிதக்கும் சாம்பல் நிறக் கசடைக் கரண்டியால் வழித்து ஓரமாகக் கொட்டி, காய்ந்ததும் பெருக்குவார்கள். பெருக்குகிறவரின் ரத்தம் உருக்குகிறவரின் ரத்தத்தைவிட மோசமாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டியதில்லை.

ரத்த ஈயத்தோடு சேர்த்துச் சோதிக்கும் இன்னொன்று துத்தநாகப் புரோட்டோபார்ஃபிரின் என்ற சிவப்பணுச் சேர்மம். ஈயம் சிவப்பணு உற்பத்தியைக் கெடுக்கும்போது இது கூடும். புதிய சிவப்பணுக்கள் வந்து சேர வேண்டும் என்பதால் இரண்டு மூன்று மாதம் தாமதமாகத்தான் காட்டும். ரத்த ஈயம் அதிகம், இது சாதாரணம் என்றால் பாதிப்பு புதிது. இரண்டும் அதிகம் என்றால் நாள்பட்டது. ஒரு சிக்கல் உண்டு: இரும்புச்சத்துக் குறைவிலும் இது கூடும். ரத்தசோகை இவ்வளவு பரவலாக உள்ள நம் ஊரில் இதை மட்டும் வைத்து யாரையும் ஈயப் பாதிப்பு என்று சொல்லிவிட முடியாது.

1840இல் ஹென்றி பர்ட்டன் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஈயத் தொழிலாளிகளின் பல் ஈறில் நீலக்கோடு ஓடுவதைக் குறித்து வைத்தார். சோதனைக்கூடம் இல்லாத காலத்தில் அதுதான் உடல் மாதிரி. இன்றைக்கும் தாங்க முடியாத வயிற்றுவலி, மலச்சிக்கல், சோர்வு என்று வருகிற பட்டறைக்காரருக்கு வாயுத் தொல்லை, அல்சர் என்று மருந்து கொடுத்து அனுப்புவது நடக்கிறது. குடல்வால் என்று நினைத்து அறுவைக்குப் போனவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் படிக்கலாம். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

ஈயத்தை நாடு தழுவிய பேச்சாக்கியதில் ஓசூருக்கும் ஒரு பங்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. பாலிகானப்பள்ளியில் சாந்தி பவன் பள்ளியை நிறுவிய ஆபிரகாம் ஜார்ஜின் அறக்கட்டளைதான் 1990களின் கடைசியில் இந்திய நகரங்களில் ரத்த ஈய ஆய்வு நடத்தியது. சோதித்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு 10 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றதற்குப் பின்னால் இருந்த அழுத்தங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆய்வில் பங்கெடுத்த உயிர்வேதியியலாளர் துப்பில் வெங்கடேஷ், பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் ஈயத்துக்கென்றே தேசிய மையம் ஒன்றை அமைத்தார்.

முலாம் பட்டறையும் சனிக்கிழமை சாயங்காலமும்

குரோமியத்துக்கு வேறு கணக்கு. குரோம் தொட்டியில் மின்சாரம் ஓடும்போது ஹைட்ரஜன் குமிழிகள் எழுந்து உடைந்து அமிலத் துளிகளைக் காற்றில் தெறிக்கவிடும். அந்தப் பனி போன்ற துளியில் இருப்பது ஆறு இணைதிறன் குரோமியம். நுரையீரல் புற்றுநோய் உண்டாக்கும் என்று சந்தேகமில்லாமல் நிறுவப்பட்டது. போல்ட் நட்டுகளுக்கு மஞ்சளும் ஊதாவுமாக மினுங்கும் பூச்சு கொடுக்கும் பழைய துத்தநாக முலாமிலும் இதே குரோமியம் உண்டு. ஏற்றுமதி வாகனக் கம்பெனிகள் கேட்பதால் பெரிய இடங்களில் மூன்று இணைதிறன் வகைக்கு மாறிவிட்டார்கள். சின்னச் சின்ன கொட்டகைகளில் மஞ்சள் தொட்டி இன்னும் இருக்கிறது.

சிறுநீரில் குரோமியம் பார்ப்பது வழக்கம். உள்ளே போனதில் பெரும்பகுதி சில மணி நேரத்திலிருந்து ஓரிரு நாளுக்குள் வெளியேறிவிடும். அதனால் வார வேலையின் கடைசி நாளில், ஷிஃப்ட் முடியும்போது மாதிரி எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் உள்ள விதி. நம் ஊர்க் கணக்கில் அது சனிக்கிழமை சாயங்காலம். மருத்துவ முகாம் எப்போது நடக்கும்? திங்கட்கிழமை காலை, வெறும் வயிற்றில், சர்க்கரையோடு சேர்த்து. ஞாயிறு முழுக்க ஓய்வெடுத்த உடலின் சிறுநீரில் குரோமியம் தேடினால் எண் அழகாகத்தான் வரும். யாரும் ஏமாற்றவில்லை, நேரம் ஏமாற்றிவிட்டது.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சிறுநீர் மொத்தக் குரோமியத்தைத்தான் சொல்லும். ஆறு இணைதிறனும் மூன்று இணைதிறனும் அங்கே ஒன்றாகத் தெரியும். ஆறு இணைதிறன் வகைதான் சிவப்பணுவுக்குள் நுழையும். உள்ளே போனதும் மூன்று இணைதிறன் வகையாக மாறி, ஹீமோகுளோபினோடு ஒட்டி, அந்த அணு சாகும்வரை, அதாவது நான்கு மாதம் வரை, வெளியே வராது. ஆகவே சிவப்பணுக்களைத் தனியாகப் பிரித்து அதில் குரோமியம் அளந்தால், ஆபத்தான வகை உள்ளே போயிருக்கிறதா என்பது தெரியும், திங்கட்கிழமை தந்திரமும் பலிக்காது. செலவு அதிகம், செய்கிற கூடங்கள் குறைவு. அதுவரை சோதனைக்கூடம் இல்லாமலே பார்க்கக்கூடியவை இரண்டு: விரல் இடுக்கிலும் முன்னங்கையிலும் வலியில்லாமல் குழி விழும் குரோமியப் புண், மூக்கின் நடுச்சுவரில் புண்ணோ ஓட்டையோ. டார்ச் லைட்டோடு மூக்கைப் பார்க்காத முலாம் பட்டறை மருத்துவ முகாமுக்கு அர்த்தமில்லை என்பது என் கருத்து.

காட்மியத்தைச் சுருக்கமாகச் சொல்லலாம். பழைய வகை சில்வர் பிரேசிங் கம்பியிலும் சில முலாம்களிலும் இருக்கும். ரத்தத்தில் அளந்தால் சமீப மாதங்கள், சிறுநீரில் அளந்தால் சிறுநீரகத்தில் வாழ்நாள் முழுக்கச் சேர்ந்தது. சிகரெட், பீடி பிடிப்பவருக்கு ஆலை வேலை இல்லாமலே ரத்தக் காட்மியம் சில மடங்கு கூடுதலாக இருக்கும். புகைப் பழக்கத்தைக் கேட்காத காட்மியச் சோதனை பாதிச் சோதனைதான்.

மாங்கனீசுக்கோ, உடல் மாதிரி ஏறக்குறையக் கைவிட்டுவிட்டது. பற்றவைப்புப் புகையில் வரும் இந்த உலோகம் வருடக்கணக்கில் மூளையைத் தாக்கி, நடை தளர்ந்து, முகம் உணர்ச்சியற்றுப்போகிற பார்க்கின்சன் போன்ற நோயைத் தரும். ஆனால் சாப்பாட்டிலும் மாங்கனீசு உண்டு, உடல் அதைப் பித்தத்தின் வழியே தானாகச் சமன்படுத்திக்கொள்கிறது. அதனால் ஒரு தனி மனிதரின் ரத்த எண்ணை வைத்து அவர் எவ்வளவு புகை வாங்கினார் என்று சொல்ல முடியாது. வெல்டருக்கு ரத்தத்தில் மாங்கனீசு நார்மல் என்று ரிப்போர்ட் கொடுத்து அனுப்புவது எதையும் நிரூபிக்காது. இங்கே காற்றைத்தான் அளக்க வேண்டும், புகை உறிஞ்சியைத்தான் மாட்ட வேண்டும்.

தாமதமான சோதனை

சோதனை நேரம் எவ்வளவு முக்கியம் என்பதற்குத் தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை. 2001இல் அது மூடப்பட்டது. பாதரச ஆவியை மூச்சில் வாங்கியவரின் சிறுநீரில் பாதரசம் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மாதம் போதும். ஆலை மூடி ஒரு வருடம் ஆனால் ஐந்தாறு முறை பாதியாகியிருக்கும். ஊரில் யாரை வேண்டுமானாலும் சோதித்தால் வரும் அளவுக்கே வந்துவிடும். அதற்காகச் சிறுநீரகத்துக்கோ நரம்புக்கோ ஏற்பட்ட சேதம் ஆறிவிட்டது என்று ஆகாது. சோதனையில் இல்லை என்பது, நடக்கவே இல்லை என்பதற்குச் சாட்சியாக முன்னால் வைக்கப்படும்போது, வேலையில் இருந்த காலத்துப் பழைய சிறுநீர் ரிப்போர்ட்டுகள்தான் பேச முடியும். அவை யாருடைய பீரோவில் இருக்கின்றன என்பதே வழக்கின் பாதி. அந்த ஆலையின் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கும் நிறுவனத்துக்கும் உடன்பாடு வந்தது 2016இல்.

இதே காரணத்தால்தான் ஒப்பந்தத் தொழிலாளிகளின் கதை எண்ணிக்கையில் வராமல் போகிறது. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஓசூரில் எட்டு மாதம் வேலை பார்த்துவிட்டு ஊருக்குப் போகிறவரின் குரோமியம் ரயிலிலேயே கரைந்துவிடும், ரத்த ஈயம் ஊரில் அறுவடை முடிவதற்குள் இறங்கிவிடும். எலும்பில் இருப்பதை அளக்க எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி உண்டு. ஆராய்ச்சிக் கூடங்களைத் தாண்டி அது வெளியே வந்ததில்லை.

மாதிரி எடுக்கும் கை

எண் தப்பாக வருவதற்குப் பெரும்பாலும் எந்திரம் காரணமில்லை, எடுத்த விதம்தான் காரணம். ஈயத் தூசு படிந்த விரலில் ஊசி குத்தி ஒரு துளி எடுத்தால், அந்தத் துளியில் இருப்பது ரத்தத்தின் ஈயமா தோலின் ஈயமா என்று யாரும் சொல்ல முடியாது. அதனால் தொழிலாளி முதலில் குளிக்க வேண்டும், குறைந்தது முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவி, வேலைச் சட்டையை மாற்ற வேண்டும். மாதிரி எடுக்கும் இடம் உற்பத்திக் கூடத்துக்கு வெளியே இருக்க வேண்டும். உற்பத்திக் கூடத்தின் மூலையில் நாற்காலி போட்டு எடுக்கும் முகாம் எதற்கும் உதவாது. ரத்தக் குழாய் உலோகக் கலப்பில்லாதது என்று சான்று பெற்றதாக இருக்க வேண்டும். கருநீல மூடி போட்டது பெரும்பாலும் அதுதான். குரோமியம், நிக்கல் பார்க்கும்போது ஊசியின் துருப்பிடிக்காத எஃகே கொஞ்சம் உலோகத்தைக் கொடுக்கும் என்பதால் முதலில் வரும் சில மில்லிலிட்டரை வேறு சோதனைக்கு ஒதுக்கிவிடுவார்கள். சிறுநீர்க் கிண்ணத்தை வேலை உடையோடு, கழுவாத கையோடு பிடித்தால் அதன் விளிம்பிலேயே முடிவு கெட்டுவிடும். நல்ல கூடங்கள் ஒரு காலிக் கிண்ணத்தையும் கூடவே எடுத்துப்போய், திறந்து மூடி, அதையும் சோதிப்பார்கள். அதில் உலோகம் வந்தால் அன்றைய முகாமே சந்தேகம்.

இரண்டு துளி ரத்தத்தில் மூன்று நிமிடத்தில் ஈயம் சொல்லும் லெட்கேர் என்ற சின்னக் கருவி உண்டு. பட்டறை பட்டறையாகப் போய்ச் சல்லடை போட நல்லது. ஆனால் நரம்பு ரத்தத்தில் அது குறைத்துக் காட்டுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. அதில் கூடுதலாக வந்தால் நரம்பு ரத்தம் எடுத்து, சோதனைக்கூடத்தில் துல்லியமாக அளக்கும் ஐசிபி-எம்எஸ் அல்லது கிராஃபைட் உலை வகை எந்திரத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

முடியை அனுப்புங்கள், உங்கள் உடலில் உள்ள எல்லா உலோகங்களையும் சொல்கிறோம் என்று இணையத்தில் வரும் விளம்பரங்களை ஆலைத் தொழிலாளி நம்ப வேண்டாம். மீனில் வரும் பாதரசத்துக்கு முடி நல்ல மாதிரிதான். ஈயப் பட்டறையில் நின்றவரின் முடியில் தூசு வெளியிலிருந்து படிந்து ஊறிவிடும். எத்தனை முறை ஷாம்பு போட்டாலும் உள்ளிருந்து வந்தது எது, வெளியே ஒட்டியது எது என்று பிரிக்க முடியாது.

சிறுநீர் மாதிரிக்கு இன்னொரு சிக்கல், தண்ணீர். வார்ப்பட உலைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நின்று வியர்த்தவரின் சிறுநீர் கெட்டியாக இருக்கும், உலோகமும் கூடுதலாகத் தெரியும். இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தவருக்கு நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும். இதைச் சரிக்கட்டத்தான், உடல் ஏறக்குறைய ஒரே சீராகச் சிறுநீரில் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினை அளந்து, ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு இத்தனை மைக்ரோகிராம் என்று எழுதுகிறார்கள். கிரியாட்டினின் லிட்டருக்கு 0.3 கிராமுக்குக் கீழோ 3 கிராமுக்கு மேலோ இருந்தால் மாதிரியைத் திரும்ப எடுக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு.

எண்ணை எதோடு ஒப்பிடுவது?

முதலில் அலகைப் பாருங்கள். ஒரே ரத்தத்தை ஒரு கூடம் டெசிலிட்டருக்கு 20 என்று எழுதும், இன்னொன்று லிட்டருக்கு 200 என்று எழுதும். இரண்டும் ஒன்றுதான். அலகு தெரியாமல் பத்து மடங்கு பயந்தவர்களும் உண்டு, பத்து மடங்கு நிம்மதியானவர்களும் உண்டு.

அப்புறம் வரம்பு. அமெரிக்காவின் 1978 விதி, ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தொட்டாலோ, சராசரி 50 ஆனாலோ, சம்பளம் குறையாமல் ஆளை அந்த வேலையிலிருந்து மாற்றச் சொன்னது. 40க்குக் கீழே வந்தால்தான் திரும்ப அனுமதி. ஐரோப்பாவின் பழைய வரம்பு 70. 2024இல் அதை 15 ஆக்க முடிவெடுத்து, 2028 முடியும்வரை 30 என்று இடைக்கால வரம்பு வைத்தார்கள். அமெரிக்கத் தொழில்நலவியலாளர் சங்கம் சொல்லும் எண் 20. உலக சுகாதார நிறுவனம் 2021இல், 5ஐத் தொட்டாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள் என்றது. ஒருவருக்கு 38 வந்திருக்கிறது என்றால் பழைய அட்டவணையில் அவர் 'நார்மல்', புதியதில் வேலையை விட்டு மாற்றப்பட வேண்டியவர். ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் வரம்பு எந்த ஆண்டினுடையது என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை.

வீட்டையும் கேட்க வேண்டும். சில பஸ்பங்களிலும் செந்தூரங்களிலும் ஈயமும் பாதரசமும் இருக்கின்றன. மலிவான குங்குமத்திலும், நிறம் ஏற்றிய மஞ்சள் தூளிலும் ஈயம் வரலாம். ஈயச் சொம்பில் ரசம் வைக்கும் வீட்டில் அந்தச் சொம்பு சுத்த வெள்ளீயமா, காரீயம் கலந்ததா என்று பார்க்கலாம். ஆனால் ஒரே பிரிவில் வேலை செய்யும் இருபது பேருக்கும் எண் கூடியிருந்தால் குங்குமத்தின் மேல் பழி போடக் கூடாது. தனி ஆளின் எண்ணைவிடப் பிரிவு வாரியாகப் போட்ட பட்டியல் அதிகம் பேசும். வார்ப்புப் பிரிவில் எல்லோருக்கும் 40, அலுவலகத்தில் எல்லோருக்கும் 6 என்றால் கோளாறு வார்ப்புப் பிரிவின் புகைக்கூண்டில் இருக்கிறது.

நடப்பது இதற்கு நேர்மாறு. எண் கூடினால் ஆளை மாற்றுகிறார்கள். நிரந்தரத் தொழிலாளியை வேறு பிரிவுக்கு, ஒப்பந்தத் தொழிலாளியை வீட்டுக்கு. அவர் இடத்தில் சுத்தமான ரத்தத்தோடு புது ஆள் வந்து நிற்பார். அடுத்த ஆண்டு சராசரி குறைந்திருக்கும், புகைக்கூண்டு அதேதான். எண்ணை இறக்க இன்னொரு குறுக்கு வழி, ஈயத்தை இழுத்து வெளியேற்றும் கொடுக்கிணைப்பு மருந்தை முன்கூட்டியே கொடுப்பது. அமெரிக்க விதி இதைத் தடை செய்திருக்கிறது. மருந்து உள்ளேயும் புகை மேலேயும் இருந்தால் சிறுநீரகம்தான் அடி வாங்கும். மருந்து அவசியப்படுகிறவர்கள் உண்டு, ஆனால் வேலையிலிருந்து விலக்கிய பிறகு, மருத்துவர் பார்வையில். வெல்லம் சாப்பிட்டால் தூசு இறங்கிவிடும் என்று ஷிஃப்ட் முடிவில் வெல்லக் கட்டியும் வாழைப்பழமும் கொடுக்கும் வழக்கம் பல வார்ப்பட ஆலைகளில் இருக்கிறது. பசிக்கு நல்லது, ஈயத்துக்கு மருந்தில்லை. ஒரு விஷயம் மட்டும் உண்மை: வெறும் வயிற்றோடும் இரும்பு, கால்சியக் குறைவோடும் வேலைக்குப் போகிறவரின் குடல் ஈயத்தை அதிகம் உறிஞ்சும். அந்த வகையில் வேலைக்கு முன் சாப்பிடும் கேழ்வரகுக் களி, வேலைக்குப் பின் தரும் வெல்லத்தைவிடப் பயனுள்ளது.

சட்டத்தில் இடம் இருக்கிறது. ஈயம், பாதரசம், மாங்கனீசு, ஆர்சனிக் நச்சுகளும் குரோமியப் புண்ணும் அறிவிக்கப்பட வேண்டிய நோய்கள் என்று தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை சொன்னது. அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பிலும் மூன்றாம் அட்டவணை அறிவிக்க வேண்டிய நோய்களுக்குத்தான். ஆலை நிர்வாகம் மட்டுமல்ல, பார்த்த மருத்துவரும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். இ.எஸ்.ஐ. திட்டத்திலும் இவை தொழில் நோய்கள். வேலையில் நடந்த விபத்துக்கு உண்டான அதே இழப்பீட்டு உரிமை இவற்றுக்கும் உண்டு. ஆனால் அந்த உரிமையைக் கேட்க எண் வேண்டும், தேதியோடு, அலகோடு, எந்த மாதிரி என்ற குறிப்போடு. ரிப்போர்ட்டின் நகலைத் தொழிலாளி கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருக்க வேண்டும், கடைசியாக வேலைக்குப் போன நாளையும் அதன் ஓரத்தில் எழுதிவைத்து. ஓசூரிலிருந்து எட்டிப்போகும் தூரத்தில் பெங்களூருவில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தெற்கு மண்டலத் தொழில்நல மையம் இருக்கிறது. தொழிற்சங்கங்கள் கூலி உயர்வுக் கோரிக்கைப் பட்டியலில் ரத்த ஈயத்தையும் ஒரு வரியாகச் சேர்க்க முடியும்.

சோதனை ஆலை வாசலோடு நிற்கக் கூடாத ஒரு இடமும் இருக்கிறது. தூசு படிந்த சட்டையோடு வீட்டுக்கு வருகிறவரின் மடியில் குழந்தை ஏறுகிறது. அந்தச் சட்டை வீட்டுத் துணியோடு சேர்ந்து ஊறுகிறது. பெரியவர் விழுங்கும் ஈயத்தில் பத்தில் ஒரு பங்குதான் உடலில் சேரும், சின்னக் குழந்தைக்குப் பாதி வரை சேரும். அப்பாவுக்கு 40 வந்தால் வீட்டில் உள்ள ஆறு வயதுக்குக் கீழான குழந்தைக்கும் ரத்தம் பார்ப்பதுதான் முறை. வேலை உடையை ஆலையிலேயே கழற்றி, அங்கேயே துவைக்க வைப்பதும், குளித்துவிட்டு வெளியேற வெந்நீரோடு குளியலறை கட்டுவதும் நிர்வாகத்தின் செலவில் நடக்க வேண்டியவை. வீட்டுப் பெண்கள் தனி வாளியில் ஊறவைத்துச் சமாளிக்க வேண்டியவை அல்ல.